திருச்செந்தூர், மணப்பாடு, உவரி பக்கம் குடும்பத்தோடு போனால் எங்கே சாப்பிடுவது?

பாளை_பேரன்:

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா ஊர் பாளையங்கோட்டை, நான் வளர்ந்ததெல்லாம் கோயம்புத்தூர். மே கடைசியில், பள்ளி திறப்பதற்கு முன்னால், ஒரு வாரக் கடைசி திருச்செந்தூர்ப் பக்கம் தங்கலாம் என்று இருக்கிறோம். அறை போட்டிருப்பது திருச்செந்தூருக்கும் குலசேகரபட்டினத்துக்கும் நடுவில், கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட். காலைப் பலகாரம் மட்டும் வாடகையோடு சேர்த்தி. மதியமும் ராத்திரியும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வருகிற ஆட்கள் ஒரே ரகம் இல்லை என்பதுதான் சிக்கல். மாமனார் மாமியார் சுத்த சைவம், மாமியார் முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டார். மாமனாருக்குச் சர்க்கரை இருப்பதால் நேரத்துக்கு ஏதாவது வயிற்றில் போயாக வேண்டும். மச்சினனுக்கும் எனக்கும் மீன் இல்லாவிட்டால் கடற்கரைக்கு வந்ததே வீண். பிள்ளைகள் இரண்டு பேரும் காரம் தின்ன மாட்டார்கள், பரோட்டா என்றால் மட்டும் மறுபேச்சு கிடையாது.

இதற்கு முன்னால் ஒரு தடவை வந்தபோது கடல் தெரிகிற மாதிரி மேசை போட்டிருந்த ஒரு கடையில் போய் உட்கார்ந்தோம். மீன் ஐஸில் எத்தனை நாள் கிடந்ததோ, கை வைத்ததுமே மாவாக உதிர்ந்தது. பில்லைப் பார்த்தால் மெனுவில் போட்டிருந்த விலை வேறு, இதில் வேறு. கேட்டால் ‘மீனுக்கு எடை விலை சார், அன்னன்னைக்கு மாறும்’ என்றார்கள். இந்த முறை அந்த மாதிரி ஆகக் கூடாது. ஊர்க்காரர்கள் எங்கே சாப்பிடுகிறீர்களோ அங்கே போக வேண்டும். மணப்பாடு, உவரி இரண்டும் போகிற எண்ணம் இருக்கிறது. திரும்பும்போது திருநெல்வேலி வழி. வாங்கிக்கொண்டு போக என்ன கிடைக்கும் என்பதையும் சொன்னால் நல்லது.


தேரிக்காட்டான்:

அண்ணாச்சி, கடையைப் பிறகு பேசுவோம், முதலில் தேதியைப் பேசுவோம். மே கடைசி என்றால் மீன்பிடித் தடைக்காலம். நம் கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதனால் சீலா, பாறை மாதிரிப் பெரிய மீன் எல்லாம் இந்தக் கரையில் அன்றைக்குப் பிடித்ததாகக் கிடைப்பது கஷ்டம். ஓட்டலில் பெரிய துண்டு போட்டு நீட்டினால் அது அநேகமாக ஐஸ் பெட்டியில் வெளியூரிலிருந்து வந்தது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரை என்பதால் அங்கே தடை ஜூன் 1-இல்தான் தொடங்கும், மே மாதம் அங்கிருந்து வண்டி வரும். அது கெட்ட மீன் என்று சொல்லவில்லை, ஆனால் ‘இப்பத்தான் கரைக்கு வந்துச்சு’ என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டிவிட்டு வேறு கடை பாருங்கள்.

அதற்காக மீனே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தடை விசைப்படகுக்குத்தான். வள்ளம், பைபர் படகு, கட்டுமரம் எல்லாம் போகும். மணப்பாடு, பெரியதாழை, உவரி எல்லாமே அப்படிச் சின்னப் படகில் தொழில் செய்கிற ஊர்கள்தான். அவர்கள் வலையில் விழுவது சாளை, அயிலை, காரல், நெத்திலி, கொஞ்சம் கணவாய், சமயத்தில் நண்டு. என்னைக் கேட்டால் ருசி அதில்தான் இருக்கிறது. சாளையைத் தேங்காய் அரைத்து, மாங்காய்த் துண்டு போட்டுக் கொதிக்க விட்ட குழம்பைத் தின்ற வாய்க்கு தவாவில் மசாலா தடவிப் பொரித்த சீலா துண்டெல்லாம் அப்புறம் ஏறாது. மே மாதம் மாங்காய்க்குப் பஞ்சமும் இல்லை.

அப்புறம் கிழமை. இந்தக் கடலோர ஊர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை, கடலுக்குப் போக மாட்டார்கள். ஆகையால் மீன் சாப்பிடுவதை சனிக்கிழமை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் கடையில் வருவது முந்தின நாள் மீன், திங்கள் காலையிலும் கரையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. வெளியூர்க்காரர்கள் சரியாக ஞாயிறு மதியம்தான் மீன் தேடி வருகிறார்கள், கடைக்காரனும் பாவம் என்ன செய்வான், இருப்பதைப் பொரித்துப் போடுகிறான்.

எங்கே என்று கேட்டால், கடல் தெரியாத இடத்தில். இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடல் தெரிகிற இடத்தில் இடத்துக்குத்தான் வாடகை கொடுக்கிறான், அதை உங்கள் தட்டில்தான் எடுத்தாக வேண்டும். உடன்குடி பஜார், திருச்செந்தூர் பஸ் நிலையத்தை ஒட்டிய தெருக்கள், திசையன்விளை, இங்கெல்லாம் மதியம் பன்னிரண்டரைக்குப் போய் நின்று பாருங்கள். லோடு வண்டி டிரைவரும் கடைப் பையன்களும் எங்கே வரிசையில் நிற்கிறார்களோ அந்த மெஸ்ஸில் உட்காருங்கள். போர்டுகூட சரியாக இருக்காது. சாப்பாட்டுக்கு மீன் குழம்பு ஊற்றுவார்கள், பொரித்த மீன் தனிக் காசு. இரண்டு மணிக்கு மேல் போனால் குழம்பில் புளித்தண்ணிதான் மிச்சம் இருக்கும்.

எடை விலை விஷயம்: மீனைக் காட்டச் சொல்லுங்கள், செவுளைத் தூக்கிப் பாருங்கள், எடை போடச் சொல்லுங்கள், பொரிக்கும் கூலி சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று உட்காரும் முன்னாலேயே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுகிற ஆள் என்றால் எழுதிப் போட்டிருக்கிற சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.


செந்தூர்_மேலரதவீதி:

தேரிக்காட்டார் தேதி சொன்னார், நான் இன்னொன்று சொல்கிறேன். மே கடைசி, ஜூன் முதல் வாரம் என்றால் வைகாசி விசாகம் எந்தத் தேதியில் விழுகிறது என்று முதலில் பஞ்சாங்கத்தில் பாருங்கள். முருகனுக்குப் பிறந்தநாள், நடந்தே வருகிற கூட்டம் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அன்றைக்கும் அதற்கு முந்தின நாளும் திருச்செந்தூருக்குள் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிற எண்ணத்தையே விட்டுவிடலாம். சட்னி தண்ணியாகும், சாம்பார் அதைவிடத் தண்ணியாகும், அதற்கும் மேலே உங்கள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் வந்து நிற்பான். பௌர்ணமி ராத்திரி கடற்கரையில் தங்குகிற பழக்கம் இப்போது ரொம்பப் பரவியிருக்கிறது, ஆகவே விசாகம் இல்லாவிட்டாலும் பௌர்ணமியைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

சைவத்துக்கு இந்தக் கரையிலேயே திருச்செந்தூர்தான் ராஜா. உங்கள் மாமியார் நிம்மதியாக இருப்பார். ஆனால் நல்லது கிடைப்பது காலையில். ரிசார்ட்டில் காலைப் பலகாரம் இலவசம் என்று சொல்கிறீர்கள், ஒரு நாளாவது அதை விட்டுவிட்டு விடியக்காலையிலேயே கோயிலுக்கு வந்துவிடுங்கள். தரிசனம் முடித்து வெளியே வரும்போது ரத வீதியிலும் சன்னதித் தெருவிலும் இட்லிக் கொப்பரை இறங்குகிற நேரம். இட்லி, பொங்கல், ரசவடை. ரசவடையை விட்டுவிடாதீர்கள், திருநெல்வேலிச் சீமை ஓட்டலில் அது தனியாக ஒரு பலகாரம், ரசத்தில் ஊறி வர வேண்டும், ஆனால் உடையக் கூடாது. பிள்ளைகளுக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் வாங்கிக் கொடுத்தால் காரப் பிரச்சினையே இல்லை. சுக்குக் காபியைத் தெருவில் தூக்குவாளியில் கொண்டுவருகிறவர்களிடம் குடியுங்கள், ஓட்டலில் வேண்டாம்.

மதியம் கோயிலிலேயே அன்னதானம் உண்டு. திருச்செந்தூரில் நாள் முழுக்கப் போடுகிற திட்டம் நடக்கிறது. வரிசை இருக்கும், சாப்பாடு எளிமையாக இருக்கும், ஆனால் சூடாக இருக்கும். சர்க்கரைக்காரரை வரிசையில் நிற்க வைக்கலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தரிசன வரிசையே வாரக் கடைசியில் சில மணி நேரம் இழுக்கும், பையில் பிஸ்கட்டும் ஒரு பழமும் இல்லாமல் அவரை உள்ளே அனுப்பாதீர்கள். இதைத்தான் சாப்பாட்டை விட முக்கியமாகச் சொல்வேன்.

கோயிலைச் சுற்றி இருக்கிற பெரிய பெரிய ஏசி ஓட்டல்களில் ராத்திரி நெய் ரோஸ்ட், பன்னீர் பட்டர் மசாலா எல்லாம் கிடைக்கும். அதைத் தின்னக் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமா என்பது என் கட்சி.


உப்பளம்_ராத்திரி:

பிள்ளைகளுக்குப் பரோட்டா என்றால் பேசாமல் வண்டியை தூத்துக்குடிக்கு விடுங்கள். திருச்செந்தூரிலிருந்து 40 கிலோமீட்டர். பொரித்த பரோட்டா. உள்ளங்கை அகலத்துக்குச் சின்னதாக, எண்ணெயில் மொறுமொறு என்று பொரித்தெடுத்து, நீங்கள் கேட்காமலே உடைத்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றிவிடுவான். அந்தச் சால்னா ஓரத்தில் ஊறியும் நடுவில் ஊறாமலும் இருக்கும்போதே தின்றுவிட வேண்டும், போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் போச்சு. கூடவே பிச்சிப் போட்ட கோழி. காரம் ஆகாத பிள்ளைக்கு ‘சால்னா தனியா’ என்று சொல்லிவிட்டால் வெறும் பரோட்டாவையே முறுக்கு மாதிரி கடித்துத் தின்னும்.

வரும்போது மக்ரூனும் வாங்கிவிடலாம். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான். தூத்துக்குடி மக்ரூனுக்கு ஈடே கிடையாது.


தேரிக்காட்டான்:

உப்பளத்தாரே, முட்டை வெள்ளைக்கரு என்று நீரே சொல்லிவிட்டீர், அவர் மாமியாரைக் கொஞ்சம் நினைத்துப் பாரும். அதைவிட, ராத்திரி எட்டு மணிக்குச் சர்க்கரைக்காரப் பெரியவரையும் தூங்கி விழுகிற பிள்ளைகளையும் வண்டியில் போட்டுக்கொண்டு போக 40, வர 40. ஆறுமுகநேரி, காயல்பட்டினம், ஆத்தூர் என்று ஒவ்வொரு ஊராகப் புகுந்து புகுந்து போக வேண்டும். பரோட்டாவுக்காக இதெல்லாம் தேவையா? உடன்குடியில் ராத்திரி ஏழு மணிக்குக் கல்லில் போடுகிற பரோட்டாவுக்கு என்ன குறை? கொத்துப் பரோட்டா தட்டுகிற சத்தம் பஜார் முழுக்கக் கேட்கும், சத்தம் வருகிற பக்கம் நடந்தால் போதும்.


உப்பளம்_ராத்திரி:

குற்றாலத்தில் குளித்துவிட்டு பிரானூர் பார்டர் கடைக்குக் கோழி தின்னப் போகிறவன் கிலோமீட்டர் கணக்குப் பார்க்கிறானா அண்ணாச்சி? உடன்குடிப் பரோட்டா நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது கல் பரோட்டா, இது பொரித்த பரோட்டா. இரண்டும் ஒரே பலகாரம் என்று சொன்னால் எங்கள் ஊரில் சோறு போட மாட்டார்கள். சரி, ராத்திரிப் பயணம் வேண்டாம் என்றால் கோவையிலிருந்து வருகிற வழியை மாற்றச் சொல்லுங்கள். மதுரையிலிருந்து எட்டயபுரம் வழியாக தூத்துக்குடி வந்து, சாயங்காலம் பரோட்டாவை முடித்துவிட்டு அங்கிருந்து ரிசார்ட்டுக்குப் போகட்டும். திரும்பும்போது எப்படியும் திருநெல்வேலி வழி என்கிறார். இப்போது சண்டை முடிந்ததா?


காயல்_லாத்தா:

தம்பி, நடுவில் இருக்கிற எங்கள் ஊரை எல்லோரும் வண்டியில் உட்கார்ந்தபடியே கடந்து போகிறீர்கள். திருச்செந்தூரிலிருந்து காயல்பட்டினம் பத்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ஒன்றை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்: எங்கள் ஊரின் நல்ல சாப்பாடு கடையில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. களறிக் கறி என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். அது கல்யாண வீட்டில் பெரிய சட்டியில் விறகடுப்பில் வைப்பது, ஒரு பெரிய தாலத்தைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. ஓட்டலில் ஒரு பிளேட் களறிக் கறி என்று கேட்டால் ஏதோ ஒன்றைத் தருவார்கள், அதைத் தின்றுவிட்டு ‘இதுதானா’ என்று எழுதாதீர்கள்.

வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்வது, சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து தெருக்கள் கலகலப்பாகிற நேரத்தில் வாருங்கள். பஜார்ப் பக்கம் வாடா என்கிற பலகாரம் சுடுவார்கள். இறால் வைத்ததும் உண்டு, சும்மா உள்ளதும் உண்டு. டீயும் வாடாவும் சாப்பிட்டுவிட்டு எங்கள் கடற்கரைக்குப் போய் உட்காருங்கள். திருச்செந்தூர்க் கடற்கரை மாதிரி நெரிசல் கிடையாது, பிள்ளைகள் ஓடியாட மணல் தாராளமாக இருக்கிறது, குடும்பம் குடும்பமாக ஊர்ச் சனங்கள்தான் வந்து உட்கார்ந்திருப்பார்கள். வட்டிலப்பம் என்கிற இனிப்பைச் சில இடங்களில் ஆர்டர் கொடுத்தால் செய்து தருவார்கள், முந்தின நாளே சொல்ல வேண்டும். அதில் தேங்காய்ப்பாலோடு முட்டைதான் முக்கியம், ஆகவே உங்கள் மாமியாருக்குக் கொடுத்துவிடாதீர்கள், மாமனாருக்கும் ஆகாது. நீங்களும் மச்சினனும் பிள்ளைகளும் தின்னலாம்.

வெள்ளிக்கிழமை வந்தால் ஜும்ஆ முடிகிற வரைக்கும் கடைகள் அடைத்திருக்கும், மதியம் இரண்டு மணி ஆகும். நோன்பு மாதத்தில் பகலில் ஒன்றும் கிடைக்காது, ராத்திரி எல்லாமே கிடைக்கும்.


பாளை_பேரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. விசாகத் தேதியைப் பார்த்தேன், இடிக்காத மாதிரி ஒரு வாரம் தள்ளிவிட்டோம். தூத்துக்குடி வழியாக வருவது நல்ல யோசனை, மச்சினன் இப்போதே பொரித்த பரோட்டா வீடியோ பார்க்க ஆரம்பித்துவிட்டான். லாத்தா, காயல்பட்டினம் நிச்சயம் வருகிறோம்.

மணப்பாடு, உவரி பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே? சனிக்கிழமை மதியம் மீன் என்றால் மணப்பாட்டிலேயே சாப்பிட முடியுமா? அப்புறம் மாமனார் பதநீர் குடிக்க ஆசைப்படுகிறார். கருப்பட்டி சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.


மணல்மேட்டு_பிச்சை:

மணப்பாடு என் அம்மா ஊர், அதனால் சொல்கிறேன். அங்கே சாப்பாட்டுக் கடையை நம்பி வராதீர்கள். மணல் குன்றின் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், அடியில் சவேரியார் தங்கி செபித்ததாகச் சொல்கிற குகை, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கழிமுகம். எல்லாம் பார்க்க நல்லா இருக்கும், பெட்டிக் கடையில் சோடாவும் கடலை மிட்டாயும் கிடைக்கும். அலைச்சறுக்கு விளையாட வருகிற பையன்களே தங்குகிற வீட்டில் சொல்லிவைத்துத்தான் சாப்பிடுகிறார்கள். உங்களுக்கும் அதுதான் வழி. ரிசார்ட்டில் வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள். வெள்ளிக்கிழமையே அவர்களிடம், ‘நாளைக்கு மதியம் இத்தனை பேருக்கு, வீட்டுச் சமையல், சோறும் மீன் குழம்பும் பொரித்த மீனும்’ என்று கேட்டுப் பாருங்கள். யாராவது அக்காவைக் கைகாட்டுவார்கள். என்ன மீன் என்று மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். காலையில் என்ன கிடைக்கிறதோ அதை வாங்கி வைக்கச் சொல்லுங்கள், காசை முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிச் சட்டியில் பருப்பும் ஒரு பொரியலும் செய்து தரச் சொன்னால் செய்வார்கள்தான், ஆனால் மீன் வாடை அடிக்கிற வீட்டில் உங்கள் மாமியாருக்குச் சாப்பாடு இறங்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இறங்காது என்றால் அவர்களுக்குத் திருச்செந்தூரிலிருந்து பார்சல் கட்டிக்கொண்டு வருவதே மரியாதை.

குன்றுக்கு வெயில் ஏறும் முன்னால் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் அந்த மணலில் செருப்போடுகூட நிற்க முடியாது. தின்றுவிட்டு இலையையும் பாட்டிலையும் கழிமுகத்தில் வீசாதீர்கள், எழுதி எழுதிக் கை வலிக்கிறது.

உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் உண்டு, அந்தோனியார் கோயிலும் உண்டு, அதனால் இரண்டு பக்கத்துக் கூட்டமும் வரும். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு விசேஷம், அன்றைக்கு வெளியூர் வண்டி நிறைய நிற்கும். அங்கே வருகிற சனங்கள் அடுப்பு மூட்டித் தாங்களே ஆக்கித் தின்பதுதான் வழக்கம், யாராவது நேர்ச்சைக்கு அசனம் போட்டால் வருகிறவர்களையும் கூப்பிட்டு இலை போடுவார்கள். சோறும் கறிக் குழம்பும். அது கிடைத்தால் உட்கார்ந்துவிடுங்கள், கிடைக்காவிட்டால் உவரியில் கடை தேடி அலையாமல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே திசையன்விளைக்கு வந்துவிடுங்கள். சந்தை ஊர், சைவம் அசைவம் இரண்டுமே ஒழுங்காக இருக்கும்.


தேரிக்காட்டான்:

பதநீர் பற்றி எங்கள் ஊர்க்காரன்தான் சொல்ல வேண்டும். மே மாதம் சீசன் நடந்துகொண்டிருக்கும். காலையில் ஏழு, எட்டு மணிக்குள் குடித்துவிட வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் இறக்குவார்கள், அதனால்தான் அது கள்ளாகாமல் இருக்கிறது. ஆனாலும் வெயில் ஏற ஏறச் சுவை மாறிவிடும். மதியம் ரோட்டோரம் ஐஸ் போட்டு கண்ணாடி டம்ளரில் தருவதைக் குடிக்காதீர்கள், பாதி தண்ணியும் சீனியும்தான். ஓலைப் பட்டையில் ஊற்றித் தருகிற ஆள் கிடைத்தால் மாங்காயைச் சீவிப் போட்டுக் கேளுங்கள். நுங்கும் அதே நேரம் கிடைக்கும், அது உங்கள் மாமனாருக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். இளசாக வெட்டச் சொல்லுங்கள்.

கருப்பட்டி சர்க்கரைக்காரருக்கு நல்லது என்று சொன்னவர் கருப்பட்டி வியாபாரியாக இருப்பார். எங்கள் ஊர் பிழைப்பே கருப்பட்டிதான், இருந்தாலும் சொல்கிறேன்: அதுவும் சர்க்கரைதான் அண்ணாச்சி, பதநீரைக் காய்ச்சி இறுக்கினது. பதநீரும் இனிப்புதான். ஒரு வாய் ருசி பார்க்கட்டும், ஒரு பட்டை முழுக்கக் கொடுத்துவிட்டு ராத்திரி மாத்திரையைத் தேடாதீர்கள்.

வாங்கிக்கொண்டு போக உடன்குடிக் கருப்பட்டியை விட்டால் வேறு என்ன இருக்கிறது? புவிசார் குறியீடு வாங்கினதும் போர்டு நிறைய முளைத்துவிட்டது. சீனி கலந்து காய்ச்சினது மலிவாகக் கிடைக்கும். உடைத்துப் பாருங்கள், உள்ளே பளபளவென்று மினுங்கினால் கலப்படம் என்று எங்கள் பக்கத்தில் கணக்கு. விலையைக் கேட்டுவிட்டு ‘இவ்வளவா’ என்று தோன்றினால் அநேகமாக நல்ல சரக்கு. சுக்குக் கருப்பட்டியும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.


டவுண்_வாகையடி:

திரும்பும் வழியைப் பற்றி நான் சொல்கிறேன். உவரியிலிருந்து திசையன்விளை, சாத்தான்குளம் வழி வருவீர்களானால் முதலூர் நடுவில் வரும். அங்கே மஸ்கோத் அல்வா வாங்குங்கள். தேங்காய்ப்பாலில் கிண்டுவது, நெய்யும் கிடையாது முட்டையும் கிடையாது, உங்கள் மாமியாருக்கு இந்தப் பயணத்திலேயே நிம்மதியாகத் தின்னக் கூடிய இனிப்பு இதுதான். வழுவழுவென்று இருக்கும், கோதுமை அல்வா தின்று பழகின எனக்கே முதலில் ஒட்டவில்லை, இப்போது அதைத்தான் கேட்டு வாங்குகிறேன்.

திருச்செந்தூரிலிருந்து நேராக வந்தால் ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் வழி, சுமார் 60 கிலோமீட்டர். நடுவில் சாப்பிட ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி கிடையாது, டீயோடு நிறுத்திக்கொண்டு திருநெல்வேலிக்கே வந்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சொதி கிடைக்கிற சைவ ஓட்டலாகப் பாருங்கள். தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு. சொதி தினமும் வைக்க மாட்டார்கள், சில ஓட்டலில் ஞாயிறு மட்டும் உண்டு, போன் போட்டுக் கேட்டுவிட்டு வாருங்கள். அதில் காரமே இருக்காது, உங்கள் பிள்ளைகளும் சாப்பிடும். நீங்களும் மச்சினனும் வைரமாளிகை ஓட்டலில் நாட்டுக்கோழியும் பரோட்டாவும் தின்றுவிட்டு வரலாம், குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிட்டால் ஒரு சண்டையும் வராது.

அல்வாவுக்கு எல்லோரும் இருட்டுக்கடை என்பார்கள். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, சாயங்காலம்தான் திறப்பார்கள், சூடாக இலையில் வாங்கி அங்கேயே நின்று தின்ன வேண்டும். மதியமே ஊரை விட்டுக் கிளம்புகிறவர் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், டவுணிலும் ஜங்ஷனிலும் நல்ல அல்வாக் கடை எத்தனையோ இருக்கிறது. ஜங்ஷனில் ஒரே பெயரில் வரிசையாகப் பல கடை நிற்கும், கையில் கொஞ்சம் வைத்துக் கொடுக்கச் சொல்லித் தின்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அடுத்த கடை.


செந்தூர்_மேலரதவீதி:

வெற்றிலை போடுகிற பழக்கம் மாமனாருக்கு உண்டா? உண்டென்றால் தூத்துக்குடியிலிருந்து வரும்போது ஆத்தூரில் நிறுத்துங்கள். ஆத்தூர் வெற்றிலைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தது, காரம் நாக்கில் நிற்கும். சர்க்கரைக்காரருக்கு இனிப்புக்குப் பதில் இது போதும்.


பாளை_பேரன்:

வெற்றிலை மாமனாருக்கு உயிர். வெள்ளி சாயங்காலம் தூத்துக்குடியில் பரோட்டா, பெரியவர்களுக்கு அங்கேயே ஒரு சைவ ஓட்டல், போகிற வழியில் ஆத்தூர். சனி காலை கோயிலும் ரசவடையும், மதியம் மணப்பாட்டில் சொல்லிவைத்த மீன், சாயங்காலம் காயல்பட்டினம். ஞாயிறு காலை பதநீர், அப்புறம் உவரி, திசையன்விளை, முதலூர், திருநெல்வேலி. ஆனால் ஒரு சந்தேகம். ஞாயிறு திசையன்விளையில் மதியம் சாப்பிட்டால் சொதி போய்விடும், சொதிக்குக் காத்திருந்தால் மாமனாருக்கு நேரம் தவறிவிடும். என்ன செய்யலாம்?


டவுண்_வாகையடி:

உவரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சொதியை எடுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடைக்க முடியாது. நான் என்றால் உவரியைத் தள்ளிவிடுவேன்.


மணல்மேட்டு_பிச்சை:

நான் என்றால் சொதியைத் தள்ளிவிடுவேன். ஞாயிறு காலை உவரியில் பத்து மணிக்கே பெரியவருக்கு இட்லி கொடுத்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குத் திசையன்விளையில் இலை போட்டுவிடுங்கள். முதலூர் அல்வாக் கடையில் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும் நாளும் உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.